மனு போட வந்தவர்களும் சோதனையும்
மதுரை மத்திய சிறை இருக்கும் அரசரடிப் பக்கம் புது ஜெயில் ரோட்டில் காலையில் போனால், உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ பஸ் பிடித்து வந்து, ஆதார் நகலைக் கையில் சுருட்டிக்கொண்டு, உள்ளே இருக்கும் கைதியைப் பார்க்க மனு போட நிற்கும் அம்மாக்களைப் பார்க்கலாம். சோதனையே வேண்டாம் என்று சொல்லவில்லை, கஞ்சாவும் செல்போனும் உள்ளே போனால் யாருக்கும் நல்லதில்லை. அதற்காகக் கைதியும் பார்க்க வந்தவரும் பேசுவதை ஒட்டுக்கேட்க வேண்டுமா? கைதியை வக்கீல் பார்க்கும் விஷயத்தில் இது 1981-லேயே முடிந்த கதை. பிரான்சிஸ் கோரலி முல்லின் வழக்கில் உச்ச நீதிமன்றம், அதிகாரி பார்த்துக்கொண்டு நிற்கலாம், ஆனால் பேச்சு காதில் விழும் தூரத்தில் நிற்கக் கூடாது என்றது. குடும்பத்தாரைப் பார்ப்பதும் உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் காப்புத் தரும் அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவுக்குள் வரும் உரிமைதான் என்று அதே தீர்ப்பு சொன்னது. சரி, ஒருத்தர் போன் கடத்தினால் அவருடைய மனுவை நிறுத்துங்கள், மொத்த பிளாக்குக்கும் நேர்காணலை ரத்து செய்வது எந்த ஊர் நியாயம்?