பேராசிரியர் ஃபெலோஷிப்: பொறுப்பு பட்ஜெட்டில் தெரிய வேண்டும்

எங்கள் பல்கலைக்கழகத்தில் சமூகப் பொறுப்புள்ள தொழில்நுட்ப ஆய்வுக்கென்று ஆசிரியர்களுக்கு ஒரு ஃபெலோஷிப் தருகிறார்கள். தொகை பெரிதல்ல. ஆனால் ஒரு பருவம் முழுக்க ஒரு பாடத்தைக் குறைத்துக்கொள்ளலாம். நான் விண்ணப்பித்ததற்கு முதல் காரணமே அதுதான். கருவி வாங்கவும் ஆய்வு மாணவருக்கு உதவித்தொகை கொடுக்கவும் எங்கிருந்தாவது பணம் புரட்டிவிடலாம். ஆய்வகத்துக்கு வெளியே போய், மனிதர்களோடு உட்கார்ந்து, அவர்கள் சொல்வதைக் கேட்பதற்கான நேரத்தை யாரிடம் போய்க் கேட்பது?

என் வேலை பேச்சை எழுத்தாக மாற்றும் மென்பொருள் தொடர்பானது. இந்த மென்பொருள்கள் எல்லாருடைய பேச்சையும் ஒரே மாதிரி புரிந்துகொள்வதில்லை என்பது பழைய செய்தி. அமேசான், ஆப்பிள், கூகுள், ஐபிஎம், மைக்ரோசாஃப்ட் ஆகிய ஐந்து நிறுவனங்களின் மென்பொருள்களை வைத்து அமெரிக்காவில் செய்த ஆய்வு ஒன்று 2020-ல் வெளிவந்தது. வெள்ளையர் பேச்சில் நூறு சொல்லுக்குச் சராசரியாக 19 பிழைகள். கறுப்பினத்தவர் பேச்சில் 35. பக்கவாதம், பார்க்கின்சன், பெருமூளை வாதம் போன்ற காரணங்களால் நாக்கும் உதடும் சொன்னபடி கேட்காமல் பேச்சு குழறுபவர்களின் நிலைமை இன்னும் மோசம். அவர்களுடைய குரல் பதிவுகளே மிகக் குறைவு. ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் டோரன்ட்டோ, இலினாய் பல்கலைக்கழகங்களின் இரண்டு தொகுப்புகளையும் சேர்த்தால்கூடப் பேச்சுக் குறைபாடு உள்ளவர்கள் முப்பது பேரைத் தொடமாட்டார்கள். புதிய தொகுப்பு ஒன்றை உருவாக்கி, அதை வைத்துப் பிழை விகிதத்தைக் குறைப்பது என்பதுதான் என் திட்டம்.

விண்ணப்பத்தின் முதல் மூன்று பிரிவுகளும் வழக்கமானவை. நோக்கம், முறை, கால அட்டவணை. எந்த நல்கைக்கு விண்ணப்பித்தாலும் எழுதுகிற சங்கதிதான். நான்காம் பிரிவில்தான் ஆள் திணறிப்போனேன். ‘இந்த ஆய்வு வெற்றி பெற்றால் யாருக்குக் கெடுதல் வரலாம்? அதைத் தடுக்க எந்த மாதத்தில், யார், எவ்வளவு செலவில், என்ன செய்யப்போகிறீர்கள்?’ தோற்றால் என்ன ஆகும் என்று கேட்டிருந்தால் பக்கம் பக்கமாக எழுதியிருப்பேன்.

‘இதற்குத்தான் நெறிமுறைக் குழு இருக்கிறதே’ என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். நெறிமுறைக் குழு பார்ப்பது வேறு. ஆய்வில் பங்கேற்கிறவருக்குத் தீங்கு வருமா, அவர் புரிந்துகொண்டு சம்மதித்தாரா என்பதோடு அதன் வேலை பெரும்பாலும் முடிந்துவிடும். ஆய்வின் முடிவைப் பயன்படுத்துவதால் நீண்ட காலத்தில் வரக்கூடிய விளைவுகளை அந்தக் குழுக்கள் ஆபத்துக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று அமெரிக்கக் கூட்டாட்சி விதியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த இடைவெளியை நிரப்பத்தான் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 2020-ல் தனியாக ஒரு மறு ஆய்வைத் தொடங்கினார்கள். சமூகத்துக்கு வரக்கூடிய ஆபத்துகளையும் அவற்றைக் குறைக்கும் வழிகளையும் ஆய்வாளர் எழுதிக் கொடுத்து, பல துறையினர் அடங்கிய குழுவோடு பேசி முடித்த பிறகுதான் நல்கைப் பணம் கைக்கு வரும். எங்கள் நான்காம் பிரிவும் அந்த வகையைச் சேர்ந்ததுதான்.

இதில் ‘பணத்துக்கு முன்’ என்பதுதான் விஷயம். செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர்கள் கூடும் நியூரிப்ஸ் மாநாடு 2020-ல் ஒவ்வொரு கட்டுரையிலும் சமூக விளைவுகள் பற்றி ஒரு பத்தி இருக்க வேண்டும் என்றது. ஆய்வு முடிந்து, கட்டுரையும் எழுதியாகிவிட்ட பிறகு சேர்க்கிற பத்தி எப்படி இருக்கும்? நன்மையும் உண்டு, தீமையும் உண்டு, கவனமாக இருக்க வேண்டும் என்று நிறையப் பேர் எழுதிவிட்டுப் போனார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தக் கட்டத்தில் மாற்றுவதற்கு ஆய்வில் ஒன்றும் மிச்சமிருக்காது.

பேச்சுக் குறைபாடு உள்ளவர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு சிறு அமைப்பை அணுகினேன். விண்ணப்பத்துக்கு ஓர் ஆதரவுக் கடிதம் வேண்டும், அவ்வளவுதான் என் எதிர்பார்ப்பு. அதன் செயலாளர், முப்பது வயதைத் தாண்டிய ஒரு பெண், கடிதம் தருவதற்கு முன் முன்மாதிரி மென்பொருளைக் காட்டச் சொன்னார். காட்டினேன். அவர் சொன்ன வாக்கியத்தில் பாதியைப் புரிந்துகொண்டு, மீதியை மென்பொருளே ஊகித்து, இலக்கணப் பிழையில்லாமல் முடித்துத் திரையில் போட்டது. அவர் சிரித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: “சார், நாங்க ஒரு வார்த்தை ஆரம்பிச்சா மீதியை மத்தவங்க முடிச்சு வைக்கிறாங்க. சின்ன வயசுலேர்ந்து அதைத்தான் பார்த்துக்கிட்டிருக்கோம். இப்ப மெஷினும் அதையே செய்யணுமா? புரியலைன்னா புரியலைன்னு சொல்லட்டும். நான் திருப்பிச் சொல்றேன்.”

பிழை விகிதம் என்ற அளவுகோலில் இது பிடிபடவே பிடிபடாது. ஊகித்துச் சரியாகப் போட்டால் மதிப்பெண் கூடும். புரியவில்லை என்று இடத்தைக் காலியாக விட்டால் குறையும். ஆனால் மருத்துவரிடமோ வங்கியிலோ பேசுகிறவருக்கு, தான் சொல்லாததைச் சொன்னதாக எழுதப்பட்ட ஒரு வரி காலியிடத்தைவிட எவ்வளவோ ஆபத்து. திட்டத்தின் மையக் கேள்வியையே மாற்றி எழுதினேன். மென்பொருள் எவ்வளவு சரியாகக் கேட்கிறது என்பது இரண்டாவது கேள்வியானது. தனக்குப் புரியவில்லை என்பது அதற்குத் தெரிகிறதா என்பது முதல் கேள்வி. துறையில் இதற்கு ஏற்கெனவே கருவிகளும் அளவைகளும் உண்டு. அவற்றை இந்தப் பேச்சின் மீது வைத்துப் பார்ப்பதுதான் வேலை.

பட்ஜெட்டுக்கு வருகிறேன். முதல் வரைவில் பங்கேற்பாளர்களுக்கு ‘சன்மானம்’ என்று ஒரே ஒரு வரிதான் இருந்தது. கடைசி வரைவில் அது அரைப் பக்கம் ஆனது. குழறிப் பேசுபவருக்கு ஒரு மணி நேரப் பதிவு என்பது உடம்பை வருத்தும் வேலை. இடைவேளை வேண்டும், உடன் வருபவருக்கும் பயணச் செலவு வேண்டும், ஒப்புதல் படிவத்தை எளிய மொழியில் வாசித்துக் காட்ட ஓர் ஆள் வேண்டும். அமைப்பிலிருந்து வந்து ஆலோசனை சொல்பவர்களுக்கு மணிக்கணக்கில் ஊதியமும் வேண்டும். பேராசிரியரான எனக்குச் சம்பளம், அவர்களுக்கு நன்றிக் கடிதம் என்பது எந்த ஊர் நியாயம்? கணக்குப் பிரிவில் இது எளிதாக நடக்கவில்லை. ஆலோசகர் என்றால் பட்டம் கேட்டார்கள். பணமாகக் கொடுத்தால் சிலருடைய அரசு உதவித்தொகையில் கைவைக்கப்படலாம் என்பதால், எப்படிப் பெற்றுக்கொள்வது என்பதை அவரவரே தேர்ந்தெடுக்க வேண்டும் என்றேன். அதற்கான படிவமே இல்லை. படிவம் வந்த பிறகு வேலை நடந்தது.

சம்மதத்தைத் திரும்பப் பெறுவது இன்னொரு முடிச்சு. எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று ஒப்புதல் படிவங்களில் எழுதுவது வழக்கம். பதிவை அழித்துவிடலாம். அந்தப் பதிவைக் கேட்டுப் பழகிய மாதிரியிலிருந்து, அதாவது மென்பொருளின் மூளையாக இருக்கும் மாடலிலிருந்து, அந்த ஒரு குரலை மட்டும் உருவி எடுப்பது இன்றைக்கு எளிதல்ல; உறுதியாகச் செய்ய வேண்டுமானால் மறுபடி முதலிலிருந்து பயிற்றுவிக்க வேண்டும். அதனால் படிவத்தில் உள்ளதை உள்ளபடி எழுதினோம்: கேட்ட உடனே பதிவு அழிக்கப்படும், ஆண்டுக்கு ஒருமுறை மாதிரியைப் புதிதாகப் பயிற்றுவிக்கும்போது விலகியவர்களின் குரல் அதில் இருக்காது, அதுவரை பழைய மாதிரி வெளியாருக்குத் தரப்படாது. ஆண்டுதோறும் மறுபயிற்சிக்கு ஆகும் கணினிச் செலவும் பட்ஜெட்டில் ஏறியது. அந்தத் தொகை இல்லையென்றால் விலகும் உரிமை வெறும் காகிதம்தான்.

நேர்காணலில் ஒரு சட்டப் பேராசிரியர், ஒரு சமூகவியலாளர், பல்கலைக்கழகத்துக்கு வெளியேயிருந்து ஒருவர். வழிமுறை பற்றிக் கேள்வியே வரவில்லை. சட்டப் பேராசிரியர் நேராக விஷயத்துக்கு வந்தார்: குரலிலிருந்து பார்க்கின்சன் போன்ற நோய்களின் அறிகுறியைக் கண்டுபிடிக்க முயலும் ஆய்வுகள் உண்டு, உங்கள் தொகுப்பை வாங்கி, வேலைக்கு ஆள் எடுக்கும்போது வடிகட்ட யாராவது பயன்படுத்தினால்? மூலப் பதிவுகளைப் பொதுவில் வைக்கமாட்டோம், கேட்பவர் நோக்கத்தைச் சொல்ல வேண்டும், அனுமதிப்பதை அந்த அமைப்பின் குழு தீர்மானிக்கும் என்றேன். “குழு மறுத்து, நீங்கள் கொடுக்க விரும்பினால்?” என்று அடுத்த கேள்வி. குழுவின் முடிவே இறுதி என்று எழுதித் தருகிறேன் என்றேன். திறந்த தரவை ஆதரித்து மேடையில் பேசியவன் நான். சொல்லும்போது கொஞ்சம் நெருடத்தான் செய்தது. இப்போதும் நெருடுகிறது. ஆனால் குரலில் பெயரை நீக்கினாலும் ஆளை நீக்க முடியாது.

நிபந்தனையோடு அனுமதி வந்தது: எழுதித் தருகிறேன் என்று சொன்னதை ஒப்பந்தமாக்கிக் கையெழுத்திட்ட பிறகே முதல் தவணை. அதற்குப் பிறகு மாதந்தோறும் மற்ற ஃபெலோக்களோடு கூட்டம். சில பயனுள்ளவை, சில தேநீருக்காக.

விண்ணப்பிக்க நினைக்கும் இளம் ஆசிரியர்கள் இரண்டு விஷயங்களை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கூட்டாளி அமைப்பிடம் கடைசித் தேதிக்கு முந்தைய வாரம் போய் நிற்காதீர்கள். அவர்களுக்கும் செயற்குழு, கூட்டம், தீர்மானம் எல்லாம் உண்டு. பாட விடுப்பு எந்தப் பருவத்தில், உங்கள் வகுப்பை யார் எடுப்பார் என்பதைத் துறைத் தலைவரிடம் எழுத்தில் வாங்குங்கள். வாய்மொழி உறுதி, அடுத்த தலைவர் வந்ததும் போய்விடும். பதவி உயர்வுக் குழு இந்த வேலையை எந்தக் கணக்கில் சேர்க்கும் என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள். எங்கள் துறையில் ‘ஆய்வு’ என்றே சேர்ப்பதாகச் சொன்னார்கள். அதையும் எழுத்தில் கேட்டிருக்கிறேன், இன்னும் வரவில்லை.