259 வெள்ளி டிக்கெட்டும் ஆறிப்போன சப்பாத்தியும்

போன மார்ச்சில் அம்மாவையும், மதுரையிலிருந்து வந்திருந்த சித்தியையும் கூட்டிக்கொண்டு நானும் மனைவியும் கப்பல் ஏறினோம். சிங்கப்பூர் மரீனா பேயில் ஏறி பினாங்கு போய்த் திரும்பி வருகிற மூன்று இரவுப் பயணம். ஜன்னல் இல்லாத உள்அறை, ஆளுக்கு 259 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). 2013ல் இதே மூன்று இரவுக்கு, இதே மாதிரி உள்அறைக்கு ஆளுக்கு 480 வெள்ளி கொடுத்துப் போனோம், அப்போது அப்பாவும் இருந்தார். இத்தனை வருடத்தில் கோப்பிக்கடை கோப்பியிலிருந்து வீட்டு வாடகை வரை எல்லாம் ஏறியிருக்கும்போது கப்பல் டிக்கெட் மட்டும் கிட்டத்தட்டப் பாதியாக இறங்கியிருந்தது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, உடனே இரண்டு அறை போட்டுவிட்டேன்.

எந்தக் கம்பெனி என்று எழுதப் போவதில்லை. ஒரு கப்பலைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை.

முதல் நாள் ராத்திரி பெரிய சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்தோம். தண்ணீர் வரவே இருபது நிமிடம் ஆனது. ஆர்டர் எடுக்க வந்த பையன் அம்மாவின் நெற்றியைப் பார்த்துவிட்டு "தமிழாம்மா?" என்று கேட்டான். கன்னியாகுமரி மாவட்டம், கடற்கரையோரத்து ஊர். சித்திக்கு முகம் மலர்ந்துவிட்டது, எந்த ஊர், அப்பா அம்மா என்ன செய்கிறார்கள், கல்யாணம் ஆச்சா என்று வரிசையாகக் கேட்க ஆரம்பித்தார், அவன் இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு "இதோ வந்துடுறேம்மா" என்று ஓடினான். சாப்பாடு வந்தபோது நாற்பது நிமிடம் தாண்டியிருந்தது. சப்பாத்தி ஆறி ஓரங்கள் விறைத்துப்போய் இருந்தன, பருப்பின் மேல் ஆடை படிந்திருந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, பிய்த்துப் பருப்பில் ஊறவைத்துச் சாப்பிட்டார். பக்கத்து மேசையில் ஒருவர் எழுந்து நின்றே அந்தப் பையனைச் சத்தம் போட்டார். அவன் கையில் அப்போது பெரிய தாம்பாளம், அதன் மேல் மூடி போட்ட தட்டுகள் ஒன்றின் மேல் ஒன்றாகப் பத்துப் பன்னிரண்டு இருக்கும், தோளில் தாங்கிக்கொண்டு, அவர் பேசி முடிக்கிற வரைக்கும் அப்படியே நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அந்தத் தட்டுகளில் இருந்த சாப்பாடும் அந்த நேரத்தில் ஆறிக்கொண்டுதானே இருந்திருக்கும்.

2013ல் எங்கள் மேசைக்கு இரண்டு பேர் இருந்தார்கள், ஒருவர் ஆர்டர் எடுத்துப் பரிமாறுவார், இன்னொருவர் தண்ணீர், ரொட்டி, காலித் தட்டு எல்லாம் பார்த்துக்கொள்வார். அப்பாவுக்குச் சாப்பாட்டோடு வெந்நீர் வேண்டும். முதல் நாள் கேட்டார், இரண்டாம் நாள் நாங்கள் உட்காரும் முன்பே பிளாஸ்க் மேசையில் இருந்தது. அறையைக் கவனித்துக்கொண்டவர் காலையிலும் சாயங்காலமும் வந்து படுக்கை போட்டுவிட்டு, துண்டை மடித்து யானை, குரங்கு என்று ஏதாவது செய்து வைத்துவிட்டுப் போவார். இந்த முறை அறை ஒரு நாளைக்கு ஒரு தடவைதான். காலையா சாயங்காலமா என்று நாமே தேர்ந்தெடுத்துச் சொல்ல வேண்டும். காலை என்று சொன்னோம், மதியம் இரண்டு மணிக்குத்தான் அவரால் வர முடிந்தது.

இரண்டாம் நாள் காலை ஆறரை மணிக்கு மேல் தளத்து பஃபேயில் டீ எடுக்கப் போனேன், அங்கே அதே தம்பி முட்டைத் தட்டை மாற்றிக்கொண்டிருந்தான். முந்தின ராத்திரி பதினொரு மணிக்கு அவனைக் கீழே பார்த்திருக்கிறேன். எத்தனை மணிக்குத் தூங்கினாய் தம்பி என்று கேட்டேன், சிரித்தான். கூட்டம் வருவதற்கு முன் ஐந்து நிமிடம் பேசினான். இந்தக் கம்பெனியில் சேர்ந்த புதிதில் ராத்திரிச் சாப்பாட்டில் அவனுக்குப் பதினெட்டு பேர், கூட ஒரு உதவியாள் உண்டு. இப்போது ஒரு சுற்றுக்கு முப்பது பேருக்கு மேல். உதவியாளை அடுத்த பகுதிக்காரரோடு பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். சமையலறை அதே தூரம்தான் அண்ணே, நடைதான் இரண்டு மடங்கு என்றான். எட்டு மாத ஒப்பந்தம், அதில் முழு நாள் விடுமுறை என்று ஒன்று கிடையாது.

கடல் தொழிலாளர்களுக்கென்று 2006ல் ஒரு சர்வதேச உடன்படிக்கை போட்டார்கள், 2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. வேலை நேரத்துக்கு அதில் இருக்கிற உச்சவரம்பே ஒரு நாளைக்கு 14 மணி நேரம், வாரத்துக்கு 72 மணி நேரம். ஒருவரைப் பாதுகாக்க எழுதிய வரம்பே இவ்வளவு என்றால் மிச்சத்தை யோசித்துக்கொள்ளுங்கள். அதோடு பெரிய கம்பெனிகளின் கப்பல்கள் பெரும்பாலும் பஹாமாஸ், பனாமா, பெர்முடா கொடிகளில்தான் ஓடுகின்றன, அதாவது கப்பலில் அந்த நாட்டுச் சட்டம்தான் செல்லும். கார்னிவல் கம்பெனியே பல வருடங்களாகப் பனாமாவில் பதிவாகியிருந்தது, ராயல் கரீபியன் லைபீரியாவில். பயணிகள் பெரும்பாலும் அமெரிக்கர்களாக இருந்தாலும் அமெரிக்காவின் குறைந்தபட்சச் சம்பளம் இந்தப் பையன்களுக்குப் பொருந்தாது.

சரி, டிக்கெட் ஏன் இவ்வளவு மலிவாகிறது? கப்பல் அறை என்பது சாயங்காலச் சந்தையில் மிஞ்சிய கீரை மாதிரி. கப்பல் கரையை விட்டுக் கிளம்பிவிட்டால் காலி அறையை யாருக்கும் விற்க முடியாது, ஆனால் எண்ணெயும் துறைமுகக் கட்டணமும் மாலுமிகள் சம்பளமும் ஆள் நிறைந்தாலும் நிறையாவிட்டாலும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் என்ன விலைக்காவது ஆளை ஏற்றிவிடப் பார்க்கிறார்கள். ஏறியவர் உள்ளே செலவு செய்வார் அல்லவா, மது, சூதாட்டம், வைஃபை, போட்டோ, கட்டண உணவகம், கரையில் சுற்றுலா என்று. கார்னிவல் கம்பெனியின் 2023 கணக்கில் மொத்த வருமானம் சுமார் 2,160 கோடி டாலர், அதில் டிக்கெட்டிலிருந்து வந்தது சுமார் 1,410 கோடி, மீதி 750 கோடி கப்பலுக்குள் நடந்த விற்பனையும் மற்றவையும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல்! இந்தக் கணக்கைப் பார்த்த பிறகுதான் எனக்கு ஒன்று புரிந்தது. 259 வெள்ளி என்பது உள்ளே நுழைவதற்கான சீட்டு, அவ்வளவுதான். நுழைந்தவருக்கு இலவசமாகக் கிடைக்கிற பெரிய சாப்பாட்டுக் கூடம் அவர்களுக்கு வெறும் செலவு, பணம் கொடுத்துச் சாப்பிடுகிற சின்ன உணவகம்தான் வரவு. அப்படியென்றால் ஆளை எங்கே குறைப்பார்கள்?

எங்கள் கப்பலிலும் அதைக் கண்ணால் பார்த்தேன். மூன்றாம் நாள் மனைவியின் பிறந்தநாளுக்காகக் கட்டண உணவகம் ஒன்றில் சாப்பிட்டோம். எட்டு மேசைதான் ஆள் இருந்தது, பரிமாற ஐந்து பேர், சூப் கொதிக்கக் கொதிக்க வந்தது. கப்பல் ஒன்றுதான், சமையல்காரர்களும் ஒரே பயிற்சி பெற்றவர்கள்தான். ஆகவே கப்பல்காரர்களுக்கு நல்ல சர்வீஸ் கொடுக்கத் தெரியாமல் போய்விட்டது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், அதைத் தனியாக எடுத்து வேறு விலைக்கு விற்கிறார்கள்.

கப்பல் பெரிதாக ஆனதும் ஒரு காரணம். 1988ல் வந்த சாவரின் ஆஃப் தி சீஸ் 73,000 டன், அன்றைக்கு அதுவே பெரிய அதிசயம். 2024ல் வந்த ஐகான் ஆஃப் தி சீஸ் 2,48,663 டன், அறைக்கு இருவர் என்று கணக்கிட்டாலே 5,610 பேர், முழுக்க நிறைந்தால் 7,600 பேர் வரை போகலாம், ஊழியர்கள் 2,350. அறைக்கு இருவர் என்ற கணக்கில் பார்த்தால் ஊழியர் ஒருவருக்கு ஏறக்குறைய 2.4 பயணி, முழுக்க நிறைந்தால் மூன்றைத் தாண்டும். கப்பல் கம்பெனிகள் நூறு சதவீதத்துக்கு மேல் நிறைந்தது என்று அறிக்கை விடுவதும் இதனால்தான், மூன்றாவது நான்காவது படுக்கைகள் அந்த நூறில் சேர்வதில்லை. ஆனால் அவர்களுக்கும் தட்டு வைக்க வேண்டும், துண்டு மாற்ற வேண்டும்.

ஆள் குறைவாக ஏறினால் எப்படி இருக்கும் என்றும் பார்த்திருக்கிறேன். 2020 நவம்பரில் சிங்கப்பூரிலிருந்து எந்த ஊருக்கும் போகாமல் கடலில் சுற்றிவிட்டுத் திரும்புகிற பயணங்களை ஆரம்பித்தார்கள், கோவிட் காரணமாகப் பாதி ஆள்தான் ஏற்றலாம் என்று அரசாங்க விதி. டிசம்பரில் நானும் மனைவியும் போனோம். பஃபேயில்கூட நம்மை எடுக்க விடாமல் அவர்களே பரிமாறினார்கள், அறைக்காரர் வாசலில் நின்று பேர் சொல்லி நலம் விசாரித்தார். அந்த மூன்று நாள் சர்வீஸ் மாதிரி நான் எந்த ஓட்டலிலும் பார்த்ததில்லை. காரணம் எளிது, அவர்களுக்கு நேரம் இருந்தது.

ஆனால் அந்தக் காலம் கம்பெனிகளைக் கடனில் தள்ளிவிட்டது. கார்னிவலின் கடன் 2023 தொடக்கத்தில் 3,500 கோடி டாலரைத் தாண்டியது. இங்கே நம் பக்கத்து கெந்திங் ஹாங்காங் என்ற கப்பல் கம்பெனி 2022 ஜனவரியில் திவாலாகி மூழ்கியே போனது. மிஞ்சியவர்கள் கப்பலை நிரப்ப விலையை இறக்கினார்கள், இறக்கியதற்கு ஈடாக உள்ளே வெட்டினார்கள். நார்வீஜியன் கம்பெனி 2023 தொடக்கத்தில் பெரும்பாலான அறைகளுக்குச் சுத்தம் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் என்று மாற்றியது. ராயல் கரீபியன் அறைக்குச் சாப்பாடு கொண்டுவர 7.95 டாலர் கட்டணம் போட்டது இன்னும் முன்னால், 2017லேயே. எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிற இடம் எது என்றால், 2023க்குப் பிறகு அமெரிக்காவில் கப்பல்கள் மறுபடி நிரம்பின, டிக்கெட் விலையும் நன்றாகவே ஏறியது, லாபமும் வந்தது. சாயங்காலச் சுத்தம் திரும்பி வந்ததா? இல்லை. விலை இறங்கும்போது வெட்டினால் விலை ஏறும்போது திருப்பித் தர வேண்டாமா?

அப்புறம் டிப்ஸ் விஷயம். சிங்கப்பூரில் நமக்கு டிப்ஸ் பழக்கம் இல்லை, பில்லில் பத்து சதவீதம் சேர்த்துவிடுவார்கள், அதோடு முடிந்தது. கப்பலில் ஆளுக்கு, நாளுக்கு என்று தானாகவே கணக்கில் ஏறும். எங்கள் நான்கு பேருக்கு மூன்று நாளைக்கு 300 வெள்ளி வந்தது, அதாவது டிக்கெட்டில் கால் பங்குக்கும் மேல். கடைசி நாள் ராத்திரி வரவேற்பு மேசை முன் நீளமான வரிசை நின்றது, சர்வீஸ் சரியில்லை, அதனால் டிப்ஸை எடுத்துவிடுங்கள் என்று கேட்பதற்கு. வரிசையில் நம் ஆட்கள் நிறைய. எனக்குத் தெரிந்த ஒருவரும் நின்றார், எடுத்துவிட்டேன், நீங்களும் எடுத்துவிடுங்கள் சார் என்று சொன்னார்.

அவருக்கு அங்கேயே பதில் சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன். அந்தப் பணத்தை எடுத்தால் கம்பெனிக்கு ஒன்றும் ஆகாது. பரிமாறுகிறவர், அறை துடைக்கிறவர் வருமானத்தில் பெரும்பகுதி அந்த டிப்ஸ் பொதுத்தொகையிலிருந்துதான் பிரித்துத் தரப்படுகிறது. முதலில் ஆளைக் குறைத்து அவன் தலையில் இரட்டை வேலை வைத்தார்கள், அதனால் சாப்பாடு ஆறியது, ஆறியதற்குத் தண்டனையாக நாமும் அவன் கையிலிருந்து பிடுங்கினால் அது என்ன நியாயம்? 221 வெள்ளி மிச்சம் என்று நான் சந்தோஷப்பட்டேனே, அது வானத்திலிருந்து விழவில்லை. அப்பாவுக்குப் பிளாஸ்க் கொண்டுவந்து வைத்த அந்த இரண்டாவது ஆளின் சம்பளமும் அதில் இருக்கிறது.

மலிவு டிக்கெட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 480 வெள்ளியாகவே இருந்திருந்தால் சித்தியைக் கூட்டிப் போயிருக்க மாட்டேன், எழுபத்தொரு வயதில் நடுக்கடலில் சூரியன் உதிப்பதை மேல் தளத்தில் சால்வையைப் போர்த்திக்கொண்டு அவர் பார்த்தது எனக்கும் பெரிய விஷயம். டிக்கெட் வாங்குகிறவர்கள் விலைப்பட்டியலோடு இன்னும் இரண்டு மூன்று கேள்வியையும் ஏஜெண்டிடம் கேளுங்கள். அறை எத்தனை தடவை சுத்தமாகும், சாப்பாட்டுக் கூடத்தில் நிரந்தர மேசை உண்டா, டிப்ஸ் டிக்கெட்டிலேயே சேர்ந்ததா என்று. நிரந்தர மேசை இருந்தால் அதே ஆள் மூன்று நாளும் வருவார், பரிமாறுகிறவருக்கும் அதுதான் சுலபம், யார் என்ன சாப்பிடுவார்கள் என்று தெரிந்துவிடும். பிள்ளைகள் விடுமுறையைத் தவிர்த்து, வார நடுவில் கிளம்புகிற பயணமாகப் பாருங்கள்.

இறங்கிய மறுநாள் மின்னஞ்சலில் கருத்துக் கேட்பு வந்தது. இருபதுக்கு மேல் கேள்விகள். உங்கள் பரிமாறுநர் சிரித்த முகத்தோடு இருந்தாரா, எவ்வளவு வேகமாக இருந்தார், பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று அவனைப் பற்றி மட்டுமே ஆறு கேள்வி. அவனுக்கு எத்தனை மேசை கொடுத்திருந்தார்கள் என்று ஒன்றுகூட இல்லை. இந்த மதிப்பெண்ணை வைத்து அடுத்த ஒப்பந்தம் முடிவாகும் என்று அந்தத் தம்பி சொல்லியிருந்தான். ஆறுக்கும் பத்துப் போட்டேன். கீழே இருந்த கட்டத்தில் அவன் பெயரை எழுதி, பெரிய கூடத்தில் சாப்பாடு ஆறித்தான் வந்தது, தவறு பரிமாறியவர் மேல் இல்லை, முப்பது பேருக்கு ஒருவரை விட்டவர்கள் மேல் என்று எழுதி அனுப்பினேன்.