இரத்தம் வருகிறது என்று பல்லிடுக்கு நூலை விட்டுவிடாதீர்கள்

இரண்டு நேரமும் பல்லுத் தீட்டுகிற ஆள் நான், ஒரு சூத்தைப் பல்லும் இல்லை, ஆனாலும் துப்பும்போது நுரையில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு வந்துகொண்டே இருந்தது. பிரஷ் முரடாக இருக்குமோ என்று மெல்லியது வாங்கிப் பார்த்தேன், மாறவில்லை. கடைசியில் வெள்ளவத்தையில் ஒரு பல் டொக்டரிடம் போனேன். அவர் என் கையில் கண்ணாடியைத் தந்துவிட்டு, கடைவாய்ப் பற்கள் இரண்டுக்கு நடுவே, பல்லிடுக்கைச் சுத்தம் செய்கிற ஃப்ளொஸ் நூலை இறக்கி எடுத்தார். தயிர் மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தது. மணந்து பாருங்கள் என்றார். அந்த நாற்றம் இன்னும் மறக்கவில்லை.

பல்லுக்கு ஐந்து பக்கம். வெளிப்பக்கம், உள்பக்கம், மெல்லுகிற பக்கம் மூன்றுக்கும் பிரஷ் போகும், பல்லும் பல்லும் முட்டுகிற இரண்டு பக்கத்துக்கும் சரியாகப் போகாது. அங்கே கிருமிகள் பிசுபிசுப்பாக ஒரு படலம் கட்டும். அதை அப்படியே விட்டால் சில நாளிலேயே உமிழ்நீரில் இருக்கிற கல்சியம் சேர்ந்து காரையாக இறுகத் தொடங்கும், அதன்பிறகு டொக்டர்தான் சுரண்டி எடுக்கவேண்டும். முரசு (ஈறு) வீங்கி இரத்தம் கசிவதும் பெரும்பாலும் அந்தப் படலத்தால்தான். அந்தக் கட்டத்தில் கவனித்தால் முரசு பழையபடி ஆகிவிடும், ஆனால் உள்ளே எலும்பு கரையத் தொடங்கிவிட்டால் கரைந்தது தானாகத் திரும்ப வளராது. சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு இது இன்னும் மோசமாகப் போகும், எங்கள் சனத்தில் அது இல்லாத வீடு எத்தனை?

சரி, எப்படிச் செய்வது? 45 சென்ரிமீற்றர் அளவில் நூலை வெட்டி இரண்டு நடுவிரலிலும் சுற்றிக்கொள்ளுங்கள். பல்லுக்கிடையில் மெதுவாக அசைத்து இறக்குங்கள், ஒரேயடியாக அழுத்தினால் முரசை வெட்டும். பிறகு நூலைப் பல்லோடு அணைத்து வளைத்து, முரசின் விளிம்புக்குக் கொஞ்சம் உள்ளே விட்டு, மேலும் கீழுமாகத் தேய்க்கவேண்டும். அடுத்த இடைவெளிக்கு நூலின் சுத்தமான பகுதி. நாளுக்கு ஒருதரம் போதும், எனக்கு இரவுதான் வசதி.

முதல் நாட்களில் இரத்தம் வரும். பல பேர் கைவிடுவது இங்கேதான். எனக்குப் பத்தாம் நாள் நின்றது. இரண்டு கிழமைக்கு மேலும் வந்தால் டொக்டரிடம் காட்டுங்கள்.

அம்மா இவ்வளவு காலமும் ஆட்டிறைச்சி சாப்பிட்டால் ஈர்க்கை உடைத்துத்தான் குத்துவார், சிலவேளை சட்டைப்பின்னும். அவருக்கு இடைவெளி பெரிது, நூல் சும்மா வழுக்கிக்கொண்டு போகும். அப்படிப்பட்டவர்களுக்கு பல்லிடுக்கில் விடுகிற குட்டி பிரஷ் இருக்கிறது, காலி வீதியில் ஒரு பாமசியில் வாங்கிக் கொடுத்தேன். இப்போது நாடகம் முடிந்ததும் கண்ணாடிக்கு முன்னால் லைற்றைப் போட்டுக்கொண்டு நிற்கிறார்.