டைரித் தாளில் எழுதாத படபடப்பு

நெஞ்சு படபடப்பென்று வருகிறவர்களில் பலருக்கு, நான் டெக்னீஷியனாக இருக்கும் ஈசிஜி அறையில் படுக்க வைத்ததுமே அது அடங்கிவிடும். "வீட்டுல அந்த அடி அடிச்சுது மேடம், இப்பப் பார்த்து கம்முனு இருக்கு" என்பார்கள், பொய் சொல்லிவிட்டோமோ என்கிற முகத்தோடு. வழக்கமான ஈசிஜியில் பதிவாவது சுமார் 10 விநாடி. இதயம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 லட்சம் தடவை துடிக்கிறது. அதில் பத்துப் பன்னிரண்டு துடிப்பைப் பார்த்து 'நார்மல்' என்றால் யாருக்குத்தான் மனசு ஆறும்?

அதற்காகத்தான் ஹோல்டர், இதயத்துடிப்பை விடாமல் பதிவு செய்கிற கருவி. நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, சின்னப் பெட்டியை இடுப்பில் மாட்டி 24 மணி நேரத்துக்கு அனுப்பிவைப்போம். குளிக்கக் கூடாது என்றதும் சித்திரை வெயிலில் எல்லோரும் முகம் சுளிப்பார்கள். அமெரிக்கரான நார்மன் ஹோல்டர் முதலில் செய்த கருவி ஏறத்தாழ 38 கிலோ, முதுகில் சுமக்க வேண்டும். இதைச் சொன்னால் சிரித்துவிட்டுக் கிளம்புவார்கள்.

கூடவே ஒரு டைரித் தாள் தருகிறோம். எத்தனை மணிக்குப் படபடத்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று குறிக்க வேண்டும். பாதித் தாள்கள் வெறுமையாகவே திரும்பும். சிலதில் 'வேலை', 'தூக்கம்' என்று மட்டும் இருக்கும். எனக்கு இதில்தான் கோபம் வரும். நேரம் எழுதியிருந்தால்தானே அந்த நிமிடத்துப் பதிவோடு ஒப்பிட முடியும்? 'ராத்திரி 11.30, படுத்ததும் நின்னு நின்னு அடிக்குது' என்று ஒருவர் எழுதியிருந்தார். போய்ப் பார்த்தால் அங்கே எக்டோபிக். துடிப்பு எதுவும் நின்றுபோகவில்லை. ஒன்று முந்திக்கொண்டு வந்துவிட்டது. பிறகு சற்று இடைவெளி. அதற்குள் ரத்தம் கூடுதலாக நிரம்பிவிடுவதால் அடுத்த துடிப்பு ஓங்கி விழுகிறது. தூக்கிவாரிப் போடுவது அந்த அடிதான்.

எனக்கும் இது உண்டு. நைட் டியூட்டியும் காபியும் சேர்ந்தால் நிச்சயம். எக்கோ, தைராய்டு, ஹீமோகுளோபின் எல்லாம் பார்த்தாயிற்று, குறையொன்றுமில்லை. ஆனாலும் ஒரு துடிப்பு தடுமாறினால் விரல் தானாக மணிக்கட்டுக்குப் போய்விடுகிறது. படித்த படிப்பு அந்த நேரத்தில் உதவுவதில்லை.

இதற்கு நேரெதிராக, கண்புரை ஆபரேஷனுக்கு முன்னால் ஈசிஜி எடுக்க வருகிற பெரியவர்கள் சிலர். பேப்பரில் ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னால் வர வேண்டிய சின்ன மேடான பி அலையே இருக்காது, துடிப்புக்குத் துடிப்பு இடைவெளியும் ஒவ்வொரு அளவு. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிதுடிப்பது. ரத்தம் உறைந்து பக்கவாதம் வரை கொண்டுபோகக் கூடியது. "எனக்கு ஒண்ணும் பண்ணலையே தாயி" என்பார்கள். பயம் இருக்கிற இடத்தில்தான் ஆபத்தும் இருக்கும் என்று நம்புவதை இந்த வேலைக்கு வந்த பிறகு விட்டுவிட்டேன்.

"பயப்பட ஒண்ணுமில்லையே?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல டெக்னீஷியனுக்கு அதிகாரம் இல்லை. நான் திருப்பிக் கேட்பேன்: மயங்கி விழுந்தீர்களா? ஓடும்போது, படியேறும்போது வந்ததா? நெஞ்சுவலி, மூச்சுத்திணறல்? வீட்டில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருக்கிறார்களா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் வரிசையில் உட்கார வைப்பதில்லை. ஈசிஜி பேப்பரைக் கிழித்துக்கொண்டு நானே டாக்டர் அறைக்குப் போய்விடுவேன்.