கூரைக்குக் கொடையாளர் தேடிய கதை

சென்னை சேப்பாக்கத்தில் ராபர்ட் சிசம் வடிவமைத்து 1874 முதல் 1879 வரை கட்டப்பட்ட செனட் இல்லத்துக்கு இருக்கும் புகழ் எங்கள் கட்டடத்துக்குக் கிடையாது. ஒரு பல்கலைக்கழக வளாகத்தின் கோடியில், ஏறக்குறைய அதே காலத்தில் எழுந்த பழைய நூலகம் அது. கூரை ஒழுகி மேல்தளத்தைப் பூட்டிவிட்ட பிறகுதான் பழைய மாணவர்களான எங்களுக்கு உறைத்தது. நிதிக்குழுவின் செயலாளர் பொறுப்பு என்னிடம் வந்தது.

முதல் மாதம் முழுவதும் வீண். யாரைக் கேட்டாலும் "எவ்வளவு தேவை?" என்ற கேள்வியே திரும்பி வந்தது, எங்களிடம் விடை இல்லை. மரபுக் கட்டடங்களில் பழகிய கட்டடக்கலைஞர் ஒருவரை அழைத்து அளந்து, வரைந்து, மதிப்பீடு வாங்க வேண்டியிருந்தது. ஆய்வுக்குப் பணம் கொடுக்க யாரும் முன்வராததால் அந்தச் செலவைக் குழுவினரே பங்கிட்டுக்கொண்டோம். அது நல்லதாயிற்று: முன்பு நடந்த பழுதுபார்ப்பில் சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்ட் பூசியிருந்ததே கேட்டின் பெரும்பகுதிக்குக் காரணம் என்பது அந்த ஆய்வில்தான் தெரிந்தது. சுண்ணாம்புப் பூச்சு உள்ளே சேரும் ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் அதை அடைத்துவைக்க, உப்புப் பூத்துச் செங்கல் பொரிந்து உதிர்கிறது. வெள்ளையடித்தால் போதும் என்று நினைத்திருந்த கொடையாளர்களுக்கு, செலவு ஏன் அவ்வளவு என்பதை விளக்க அந்த அறிக்கையே எங்களுக்குத் துணை நின்றது.

அடுத்தது தாள் வேலை. அறக்கட்டளையைப் பதிவு செய்து, 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டப்படி 12ஏ (அறக்கட்டளையின் வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (கொடையாளருக்கு வரிக்கழிவு) ஒப்புதல்களைப் பெறும்வரை பெருந்தொகை எதையும் வாங்கவில்லை. அந்தச் சட்டத்தின் 80ஜி பிரிவில் எங்களைப் போன்ற அமைப்புக்குத் தரும் தொகையில் 50 சதவீதத்துக்கு, வருமானத்தையொட்டிய ஓர் உச்சவரம்புக்குள், வரிக்கழிவு இருந்தது; ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் தந்தால் கழிவு இல்லை என்றிருந்தது. நிதியாண்டு முடிந்து மே 31-க்குள் 10பிடி படிவத்தில் கொடையாளர் விவரங்களைத் தாக்கல் செய்து 10பிஇ சான்றிதழ் வழங்க வேண்டியிருந்ததால், பான் எண்ணை ரசீது எழுதும்போதே வாங்கிவிடுவது நல்லது. பிறகு ஒவ்வொருவரையும் தொலைபேசியில் துரத்திய அனுபவத்தில் சொல்கிறேன். புதிய வரிமுறையைத் தேர்ந்தவர்களுக்கு இந்தக் கழிவே கிடையாது என்பதைச் சொல்லாமல் பணம் வாங்குவது நேர்மையல்ல என்று கருதி, வேண்டுகோள் மடலிலேயே அச்சிட்டோம். அதனால் யாரும் பின்வாங்கியதாக எனக்குத் தெரியவில்லை.

வெளிநாட்டு நண்பர்களின் பணத்தில்தான் தடுக்கி விழப் பார்த்தோம். இந்தியக் குடியுரிமையை வைத்திருப்பவர் தம் சேமிப்பிலிருந்து முறையான வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறியவர், இந்திய வம்சாவளியினருக்கு அரசு தரும் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவரே. அவரிடம் வாங்க, வெளிநாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்தும் எஃப்சிஆர்ஏ சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். நேற்றுப் பிறந்த எங்கள் அறக்கட்டளையிடம் இரண்டுமே இல்லை. என்னோடு ஒரே பெஞ்சில் அமர்ந்து படித்தவனின் பணத்தைத் திருப்பி அனுப்பியது மனத்துக்குக் கசப்பாகவே இருந்தது.

நிறுவனங்களைப் பொறுத்தவரை, 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் வரலாற்றுச் சிறப்புள்ள கட்டடங்களின் சீரமைப்பும் சமூகப் பொறுப்புச் செலவாக ஏற்கப்பட்டிருக்கிறது. இரண்டு நிறுவனங்களை அணுகினோம். பள்ளிக்கூடம், மருத்துவமனை என்றால் தருவோம் என்றார்கள்.

இனி என் தவறு. கட்டடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து விலைப்பட்டியல் போட்டேன்: ஒரு சன்னலுக்கு இவ்வளவு, ஒரு தூணுக்கு இவ்வளவு, வாசல் கதவுக்கு இவ்வளவு என்று. சன்னல்கள் மூன்றே வாரத்தில் தீர்ந்தன; ஒரு கதவுக்கு இரண்டு குடும்பங்கள் போட்டி போட்டன. கூரையை யாரும் தொடவில்லை. யார் பெயரையும் அதில் பொறிக்க முடியாதே! சன்னலுக்கென்று எழுதி வாங்கிய பணத்தைக் கூரைக்குத் திருப்பவும் முடியாது. ஒழுகும் கூரைக்குக் கீழே புதிய தேக்குச் சன்னல்களைப் பொருத்துவது எவ்வளவு பெரிய மடமை என்பதைக் கட்டடக்கலைஞர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். பட்டியலைக் கிழித்துப்போட்டு, சன்னல்காரர்கள் ஒவ்வொருவரையும் நேரில் பார்த்து, "சீரமைப்புப் பணிக்கு" என்ற பொதுச் சொல்லுக்கு எழுத்து மூலம் இசைவு பெற்றேன். இருவர் மறுத்துவிட்டார்கள், அது அவர்கள் உரிமை.

மீதித் தொகைக்கு மடல்களை நம்பாமல் ஆட்களை மேல்தளத்துக்கே அழைத்துச் சென்றோம், பெரும்பாலும் மழை நாட்களில். அது மெட்ராஸ் டெரஸ் கூரை: தேக்குச் சட்டங்களின் மேல் சிறு செங்கற்களை மூலைவாட்டில் நிறுத்தி அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துக் கட்டையால் அடித்து இறுக்கி, மேலே தட்டையான ஓடு பதிப்பது. வாளிகளுக்கு நடுவே நின்றுகொண்டு இதைச் சொன்னபோது, தம் வீட்டு மாடியையும் பாட்டனார் அப்படித்தான் போட்டார் என்று பெரியவர் ஒருவர் நினைவுகூர்ந்து, அங்கேயே காசோலை எழுதினார். பெயர் வேண்டாம் என்றார். அவருக்குப் பின் கூரைக்குக் கொடுத்தவர்களில் பலரும் அப்படியே சொன்னார்கள்.

சென்ற ஐப்பசி மழைக்கு மேல்தளத்தில் வாளி வைக்கவில்லை. வடமேற்கு மூலையில் மட்டும் உள்ளங்கை அளவுக்கு ஈரம் தெரிகிறது. பொது நிதியில் மிச்சமிருப்பதால் அதற்காக இன்னும் யாரிடமும் போய் நிற்கவில்லை.