ஐந்தாவது நோட்டு

சித்திரை முதல் நாள் எங்கள் கடையில் புதுக்கணக்கு போடுவோம். மூலையில் மஞ்சள் தடவிய நோட்டில் பிள்ளையார் சுழி போட்டு, 'லாபம்' என்று எழுதித் தொடங்குவார் முதலாளி. பதினெட்டு வருடமாக அந்தக் கடையின் கணக்கு என் கையில் இருக்கிறது. அதே நாள் இரவு வீட்டில் இன்னொரு நோட்டையும் திறப்பேன். அது என் மனத்தின் கணக்கு. பங்குனி கடைசியில் ஐந்தாவது நோட்டு முடிந்தது.

எனக்கு இருமுனை மனநோய். மனம் சில காலம் மிதமிஞ்சி எழும், சில காலம் அடியோடு சோர்ந்துவிடும். மருத்துவர்கள் பைபோலார் என்பார்கள், உறவினர்கள் 'நரம்புத் தளர்ச்சி' என்று சொல்லிக்கொள்வார்கள். முப்பத்தேழு வயதில் தெரியவந்தது. அன்று முதல் மனத்தைச் சமநிலையில் வைக்கும் லித்தியம் என்ற மாத்திரையைச் சாப்பிடுகிறேன். நோட்டில் தினமும் நான்கு கட்டங்கள்: எத்தனை மணி நேரம் தூங்கினேன், மாத்திரையை எத்தனை மணிக்குச் சாப்பிட்டேன், மனம் எப்படி, வேறு ஏதாவது உண்டா. மனத்துக்கு மைனஸ் ஐந்திலிருந்து பிளஸ் ஐந்து வரை ஓர் எண். இயல்பாக இருந்தால் பூஜ்யம்.

பங்குனி கடைசி ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அந்த நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதில் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே மாத்திரையைச் சாப்பிடும் யாருக்காவது, அப்படி ஒருவரோடு வாழ்பவர்களுக்காவது பயன்படும் என்ற எண்ணம்தான் காரணம்.

முதல் பக்கங்களிலேயே அழகர் வருகிறார். மதுரையில் பிறந்தவனுக்கு, அழகரை எதிர்கொண்டு அழைக்கும் எதிர்சேவை இரவு என்றால் தல்லாகுளத்தில் விடிய விடிய நிற்பதுதான். ஆனால் தூக்கம் கெடுவது எனக்கு வெறும் அலுப்பு அல்ல, நோயைக் கிளப்பிவிடும் வாசல் அது. அதனால் கடந்த நான்கு வருடமாக அந்தப் பக்கமே போகாமல் இருந்தேன். போன சித்திரையில் வேறு வழி செய்துகொண்டேன். எதிர்சேவை இரவு ஒன்பதரைக்குப் படுத்து, நான்கு மணிக்கு எழுந்து, வைகையில் அவர் இறங்குவதை மட்டும் பார்த்துவிட்டு வந்தேன். தூக்கம் ஆறரை மணி நேரம் என்று நோட்டில் இருக்கிறது. பக்கத்தில் 'பச்சைப் பட்டு' என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டிருக்கிறேன். அந்தக் கோடுகளைப் பார்க்கும்போது இப்போதும் நெஞ்சு நிறைகிறது.

கத்திரி வெயில் தொடங்கி நான்காம் நாள், முழங்கால் வலிக்கு மருந்துக் கடையில் ஒரு மாத்திரை கேட்டேன். டைக்ளோஃபினாக் கொடுத்தார்கள். நான் என்ன மருந்து சாப்பிடுகிறேன் என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஐந்து நாள் சாப்பிட்டேன். கடையில் மின்விசிறி மட்டும்தான். வியர்வை கொட்டியது, குடித்த தண்ணீர் போதவில்லை. ஆறாம் நாள் பேரேட்டில் 8 எழுதப் போனால் கை நடுங்கி அது இரண்டு சுழியாக விழுந்தது. வயிற்றுப்போக்கு, குமட்டல், நடந்தால் தள்ளாட்டம். கூட வேலை பார்ப்பவர் வெயில் தாக்கிவிட்டது என்றார். எனக்கு மட்டும் சந்தேகம் தட்டியது. ரத்தப் பரிசோதனையில் லித்தியம் 1.4. எனக்கு இருக்க வேண்டியது 0.6 முதல் 0.8 வரை.

லித்தியம் ஓர் உப்பு. சிறுநீரகம்தான் அதை வெளியேற்ற வேண்டும். இந்த வகை வலி மாத்திரைகள் அந்த வேலையை மந்தப்படுத்தும். உடலில் நீர் வற்றினாலும், உணவில் உப்பைத் திடீரென்று குறைத்தாலும் சிறுநீரகம் லித்தியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் 1949இல்தான் மனஎழுச்சி நோய்க்கு இது உதவும் என்று எழுதினார். அதே வருடம் அமெரிக்காவில் சாப்பாட்டு உப்புக்குப் பதிலாக லித்தியம் குளோரைடைப் பயன்படுத்தியவர்களில் சிலர் நஞ்சேறி இறந்துபோனார்கள். என்னைக் காப்பாற்றும் அளவும் கவிழ்க்கும் அளவும் இவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன என்பதை அந்த வாரம் உடம்பால் தெரிந்துகொண்டேன். மருத்துவர் மாத்திரையை நிறுத்தி நீரேற்றி, பிறகு மறுபடி தொடங்கினார். பத்து நாளில் 0.7க்கு வந்தது. இப்போது வலி என்றால் பாராசிட்டமால்தான். சட்டைப் பையில் 'லித்தியம் சாப்பிடுகிறேன்' என்று எழுதிய அட்டை இருக்கிறது.

பரிசோதனை பற்றி ஒரு விஷயம். கடைசி வேளை மாத்திரை சாப்பிட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். இரவு ஒன்பதுக்குச் சாப்பிட்டால் காலை ஒன்பதுக்கு. காலை வேளையும் உண்டென்றால் ரத்தம் கொடுத்த பிறகுதான் அதைச் சாப்பிட வேண்டும். முதல் வருடம் இது தெரியாமல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு போய் நின்றேன். அளவு எகிறிக் காட்டியது, வீடே பதறிவிட்டது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினினும் தைராய்டும் பார்க்கிறார்கள்.

ஆவணிக்கு வருகிறேன். முந்தைய நான்கு நோட்டுகளும் கற்றுத்தராததை அந்த ஒரு பக்கம் கற்றுத்தந்தது. சித்தப்பா மகள் கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட்டதிலிருந்து தூக்கக் கட்டத்தில் உள்ள எண்கள் இவை: ஆறரை, ஆறு, ஐந்து, நாலரை, மூன்றரை. அதே ஐந்து நாளும் மனக் கட்டத்தில் என் கையால் எழுதியது: 0, 0, 0, 0, 0. எழுத்து மட்டும் பெரிதாகிக்கொண்டே போயிருக்கிறது. ஐந்தாம் நாள் கட்டத்தைத் தாண்டி ஓரத்தில் வழிந்து, 'சொந்தமாகக் கடை, பொங்கலுக்குள்' என்று நிற்கிறது. அன்று காலை ஒரு நண்பருக்கு முன்பணமாக நாற்பதாயிரம் கொடுத்திருந்தேன். யாரையும் கேட்கவில்லை.

எனக்கு அப்போது எந்தக் கோளாறும் தெரியவில்லை. பல மாதம் கழித்து இந்தப் பக்கத்தைப் பார்த்தபோதுதான் கண் திறந்ததுபோல் இருந்தது. சோர்வு வந்தால் அது நோய், உற்சாகம் வந்தால் அது நான் என்றே இத்தனை வருடமும் நம்பியிருக்கிறேன். மனத்துக்கு மதிப்பெண் போட்டதும் அதே மனம்தான். கல்லாவில் கை வைத்தவனிடமே கணக்கு கேட்டிருக்கிறேன். பொய் சொல்லாதது தூக்கக் கட்டம் ஒன்றுதான், ஏனென்றால் அதைக் கடிகாரம் எழுதியது.

என் மனைவி கல்யாண மண்டபத்து மாடிப்படியில் என்னைத் தனியாக நிறுத்தினாள். "என்னங்க, ரெண்டு ராத்திரி தூக்கம் அஞ்சு மணி நேரத்துக்குக் கீழே போனால் டாக்டருக்குப் போன் பண்ணுவோம் என்று நீங்கள்தான் எழுதிக் கொடுத்தீர்கள்." எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. நான் சந்தோஷமாக இருப்பது உனக்குப் பொறுக்கவில்லையா என்று கேட்டேன். அதை அவள் தங்கை காதில் விழும்படி கேட்டேன் என்பது இன்றும் உறுத்துகிறது. அவள் பதில் பேசாமல் போனை எடுத்தாள். இரண்டு வாரம் இரவில் ஒலன்சாபின் என்ற மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தார்கள். நான்காம் நாள் ஏழு மணி நேரம் தூங்கினேன். முன்பணத்தில் பாதி திரும்பி வந்தது.

அவள் சொன்ன அந்தத் தாள் சும்மா எழுதியது அல்ல. 2017ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டம், நமக்கு முடியாமல் போகும் காலத்தில் நம் சார்பில் பேசுபவரை நாமே முன்கூட்டி நியமிக்கலாம் என்கிறது. வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். நான் அவள் பெயரை எழுதியிருக்கிறேன். நான் கல்லூரியில் படித்த 2001இல், ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியால் கட்டிப்போடப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்தார்கள். எனக்கு நோய் வந்தபோது நல்லெண்ணத்தோடு ஒரு பெரியவர் அந்த ஊர்ப் பெயரைச் சொல்ல, அம்மா நடுங்கிவிட்டாள். அதற்குப் பதில், மனநோய் தீர வேண்டும் என்று மக்கள் தேடிப்போகும் குணசீலம் பெருமாளிடம் வேண்டிக்கொண்டாள். புரட்டாசியில் அவளோடு நானும் போகிறேன், மாத்திரை டப்பாவை எடுத்துக்கொண்டு.

மேலே போனது கீழே இறங்கித்தான் ஆக வேண்டும் என்பதுபோல் மார்கழி வந்தது. நான்காம் தேதியிலிருந்து இருபத்தாறு வரை என் எழுத்து இல்லை. பேனா எடுக்க முடியாத நாட்கள் அவை. அவற்றைப் பற்றி அதிகம் சொல்ல எதுவும் இல்லை. ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு என் மனைவி 14416க்குப் பேசினாள். டெலி-மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், எந்த நேரமும் தமிழில் பேசுகிறார்கள். நான் சுவரைப் பார்த்துப் படுத்திருக்க, மறுமுனையில் இருந்த பெண் என் மனைவியிடம் முதலில் கேட்டது, "நீங்கள் சாப்பிட்டீர்களா?" என்பது. மறுநாள் மருத்துவர் குவெட்டியாபின் என்ற மாத்திரையைச் சேர்த்தார். மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் மறுபடி மேலே தூக்கிவிடக்கூடும் என்று விளக்கினார்.

அந்த இருபத்து மூன்று பக்கங்களும் வெறுமையாகத்தான் இருக்கும் என்று நினைத்துப் புரட்டினேன். பென்சிலில் சின்னச் சின்னதாக அவள் எழுதியிருந்தாள். 'குளிக்கவில்லை. தயிர்சாதம் இரண்டு வாய்.' 'மாத்திரை 9.20. நானே கொடுத்தேன்.' 'பையன் கோலம் எப்படி என்று கேட்டதற்குத் தலையாட்டினார்.' 'குளித்தார்.' அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு பக்கம் முழுவதும் காலி. என்னிடம் அவள் இதைச் சொல்லவே இல்லை. கேட்டதற்கு, "கணக்கு விட்டுப்போகக் கூடாது என்பீர்களே" என்றாள்.

தைப்பூசத்தன்று தெப்பக்குளத்துக்குப் போனோம். மைய மண்டபத்தைச் சுற்றித் தெப்பம் ஊர்ந்ததைப் பையன் என் தோளில் உட்கார்ந்து பார்த்தான். வீடு திரும்பி மனக் கட்டத்தில் மைனஸ் ஒன்று என்று எழுதினேன். யோசித்துப் பார்க்கிறேன், அது சரியான எண்தான்.

ஆறாவது நோட்டில் கோடு போட்டுவிட்டேன். மனக் கட்டம் இப்போது இரண்டு: ஒன்று எனக்கு, ஒன்று அவளுக்கு. என்னுடையதைப் பார்க்காமல் அவள் எழுத வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறோம். சித்திரை 1, தூக்கம் ஆறே முக்கால், மாத்திரை 9.10. நான் பூஜ்யம் என்று எழுதினேன். அவள் பிளஸ் ஒன்று போட்டு, 'வேப்பம்பூ பச்சடி மூன்று முறை கேட்டு வாங்கினார், நாளையும் பார்ப்போம்' என்று எழுதியிருக்கிறாள்.