சோடா போட்ட பிறகு

எங்கள் சாயப்பட்டறையில் நேவி நிறத்துக்கு ஓடிக்கொண்டிருந்த பருத்தித் துணி லாட் ஒன்று. சாயத்தைத் துணியில் பிடிக்க வைக்கும் சோடா முழுக்க உள்ளே போய்ச் சில நிமிடம்தான் ஆகியிருக்கும், சாஃப்ட் ஃப்ளோ என்ற சாய மெஷினில் துணி சிக்கிக்கொண்டது. பம்ப்பை நிறுத்தி, மூடியைத் திறந்து, துணியை இழுத்துச் சிக்கெடுத்து மறுபடி ஓடவிடுவதற்குள் அரை மணிக்கு மேல் போய்விட்டது. ஆபரேட்டர் அண்ணன் லேபுக்கு ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார்.

“ஏனுங் தம்பி, இன்னொரு பத்து டிகிரி ஏத்தி, கொஞ்சம் சோடா சேர்த்து ஓட்டிப் பாக்கலாமுங்களா? வெரசாப் பிடிச்சுக்குமுங்.”

“ஏத்தினா தண்ணியும் வெரசாப் பிடிச்சுக்கும்ணா. போன சாயம் போனதுதான். வடிச்சிருங்க.”

“தண்ணி பிடிச்ச சாயம் எதுங்க, இனித் துணி பிடிக்கப் போற சாயம் எதுங்க? ரெண்டும் ஒரே நெறமாத்தான இருக்குது.”

“சோப்பிங்ல தெரிஞ்சுரும்ணா.”

“சோப்பிங்ல தெரிஞ்சு என்னங்க பண்றது?”

அவ்வளவுதான். வடிக்கும் வால்வைத் திறக்கப் போய்விட்டார். சோப்பிங் என்பது, பிடிக்காத சாயம் போகத் துணியைச் சூடான சோப்புத் தண்ணீரில் கழுவுவது. அந்தக் கடைசிக் கேள்விக்கு அப்போதும் என்னிடம் பதில் இல்லை. இதை எழுதுவதே அதனால்தான்.

நான் சொன்னது தப்பில்லை என்று முதலில் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். நாங்கள் போட்டது துணியோடு வேதிப் பிணைப்பு கொள்ளும் ரியாக்டிவ் சாயம். அதன் ஒரு முனையில் டிரையசின் என்ற கார்பன்-நைட்ரஜன் வளையமும் அதில் ஒரு குளோரினும் இருக்கிறது. சோடா போட்டு பிஎச் 11 பக்கம், அதாவது நல்ல காரமாக, போனதும் பருத்தியிலுள்ள ஹைட்ராக்சில் தன் ஹைட்ரஜனை விட்டு எதிர்மின்னேற்றம் பெறுகிறது. அது வளையத்தின் கார்பனைப் பிடிக்க, குளோரின் வெளியேறுகிறது. கல்லூரியில் எஸ்என்2 என்று படம் போட்டுக் காட்டினார்களே, அதுபோல ஒரே தள்ளலில் இது நடப்பதில்லை. வருவது முதலில் ஒட்டிக்கொள்ளும், அப்புறம்தான் குளோரின் கழன்று போகும். வளையத்தின் மூன்று நைட்ரஜன்களும் எலக்ட்ரான்களைத் தங்கள் பக்கம் இழுத்து வைத்திருப்பதால்தான் இது சாத்தியம். 1956இல் ஐசிஐ கம்பெனி புரோசியான் என்ற ரியாக்டிவ் சாயங்களை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது வளையத்தில் இரண்டு குளோரின் இருந்தது. அவை 30, 40 டிகிரியிலேயே பிடித்தன. ஒரு குளோரினுக்குப் பதில் அமீன் தொகுதி வந்தால் வளையம் சோம்பலாகிவிடுகிறது, 80 டிகிரி வேண்டியிருக்கிறது. எங்கள் நேவி 60 டிகிரி ரகம். அதில் குளோரின் முனையோடு, துணியைப் பிடிக்கும் வினைல் சல்போன் என்ற இன்னொரு முனையும் உண்டு. அந்த முனையில் நடப்பது ஒன்றை வெளியேற்றி அதன் இடத்தைப் பிடிக்கும் பதிலீடு இல்லை, நேராக வந்து சேரும் சேர்க்கை. ஆனால் இரண்டு முனைகளுக்கும் எதிரி ஒன்றே.

தண்ணீர். சரியாகச் சொன்னால், தண்ணீரில் சோடா உண்டாக்கிய ஹைட்ராக்சைடு. பருத்தி பிடிக்க வேண்டிய கார்பனை அதுவும் பிடிக்கிறது. குளோரின் இருந்த இடத்தில் ஓஎச் வந்து உட்கார்ந்துவிட்டால் அந்த முனை முடிந்தது. இனி எத்தனை மணி நேரம் ஓட்டினாலும் துணியோடு பிணைப்பு வராது. ஆனால் நிறம் கொடுக்கும் பகுதியை யாரும் தொடவில்லை, அதனால் நேவி நேவியாகவே இருக்கும். அந்த அண்ணன் கேட்டது இதைத்தான். நிறத்தை வைத்து மட்டும் அதைப் பிரிக்க என்னாலும் முடியாது, யாராலும் முடியாது.

வேதியியலாளர்கள் ஹியூஸும் இங்கோல்டும் 1930களில் பதிலீட்டு வினைகளை வகை பிரித்து வைத்ததே வேகத்தை அளந்துதான். எதன் செறிவைக் கூட்டினால் வேகம் கூடுகிறது, எதைக் கூட்டினால் கூடவில்லை என்று பார்த்துப் பார்த்து, எது எதோடு எப்போது மோதுகிறது என்று கண்டார்கள். படிக்கும்போது மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தேன். பட்டறைக்கு வந்த பிறகுதான் அதன் கனம் புரிந்தது. துணியும் சரி, தண்ணீரும் சரி, அதே சாயத்துக்காகத்தான் போட்டி போடுகின்றன. அதனால் சாயத்தை மட்டும் கூட்டிப் போட்டால் இரண்டு வேகமும் சேர்ந்தே கூடும், விகிதம் அப்படியே நிற்கும். சோடாவை மேலும் கூட்டினால் ஹைட்ராக்சைடுதான் அதிகம் பயன்பெறும். சூட்டை ஏற்றினால் இரண்டு வினையும் வேகமெடுக்கும், கூடவே துணியில் ஒட்டியிருக்கும் சாயம் தண்ணீருக்குத் திரும்பவும் பார்க்கும். உப்பைப் போட்டு முதலில் சாயத்தைத் துணிப் பக்கம் தள்ளிவிட்டு அப்புறம் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது இதற்காகத்தான். ஆக, பத்து டிகிரி ஏற்றச் சொன்ன யோசனை சரியான யோசனை இல்லை. இதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

சந்தேகம் வடிக்கச் சொன்னதில்தான்.

ஏற்ற வேண்டாம், சேர்க்க வேண்டாம், அதே 60 டிகிரியில் மீதி நேரத்தை ஓட்டிவிடுங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? துணி பாதி நேரம் நின்றுபோயிருக்கிறது, இடத்துக்கு இடம் சாயம் ஏறி இறங்கியிருக்கும், மேற்கொண்டு பிடித்தால் திட்டுத் திட்டாகப் பிடிக்கும் என்று கணக்குப் போட்டேன். அது நியாயமான கணக்கு. ஆனால் அண்ணனிடம் சொன்ன காரணம் அது இல்லை. “போன சாயம் போனதுதான்” என்றேன். எவ்வளவு போயிற்று? முக்கால்வாசியா, கால்வாசியா? வேகம் என்பதே எவ்வளவு நேரத்தில் எவ்வளவு என்ற கேள்விதான். எந்தப் பக்கம் போகும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதற்கு என் கையில் எண் இல்லை.

வடித்து, உப்புப் போக அலசி, 95 டிகிரியில் சோப்பிங் ஓட்டியபோது ஷேடு, அதாவது நிறம், ஸ்டாண்டர்டு சாம்பிளைவிட வெளிறித்தான் வந்தது. மேனேஜர் என் பக்கம் பேசினார்: பார்த்தாயா, சாயம் தண்ணியில போயிருச்சு. அப்போது எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. அந்த வெளிறல் என் பேச்சுக்கு மட்டும் சாட்சி இல்லை என்பது குறைந்த நிறத்தை ஈடுகட்ட மறுபடி சாயம் போடும் டாப்பிங் முடிந்து லாட் இறங்கிய பிறகுதான் உறைத்தது. தண்ணீர் சாயத்தைத் தின்றிருந்தாலும் ஷேடு வெளிறும். இன்னும் பிடிக்கக்கூடிய சாயத்தை நான் வடித்திருந்தாலும் வெளிறும். அதே துணியைக் காட்டி அண்ணனும் “நான் சொன்னனில்லீங்” என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

வடிப்பது என்றால் இங்கே சும்மா இல்லை. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, நொய்யல் ஆற்றுக்கு ஒரு சொட்டும் போகக் கூடாது என்ற ஏற்பாட்டில்தான் தொழில் ஓடுகிறது. அடர் நிறத்துக்கு லிட்டருக்கு 60, 70 கிராம் உப்பு. அந்தத் தண்ணீர் முழுக்க சுத்திகரிக்கும் ஆர்ஓவுக்கும் மிச்சத்தை ஆவியாக்கும் எவாப்பரேட்டருக்கும் போய்த்தான் ஆக வேண்டும். மூடிக் கிடந்த மாதங்களில் வேலையில்லாமல் வீட்டில் இருந்தவர் அந்த அண்ணன். வடிக்கிற சத்தம் கேட்டாலே அவர் முகம் மாறும். ஒரு லாட்டை இரண்டு முறை சாயம் போடுவதை அவர் துணிக்கு மட்டும் நேர்ந்த நஷ்டமாகப் பார்ப்பதில்லை. அதையும் யோசித்துத்தான் அவர் கேட்டார் என்று இப்போது நினைக்கிறேன். வண்டிக்கு நேரமாகிறது என்ற அவசரத்தில் கேட்கிறார் என்றுதான் அன்று எடுத்துக்கொண்டேன்.

சரி, அந்த நேரத்தில் வேறு என்னதான் செய்திருக்க முடியும்? மெஷினிலிருந்து கொஞ்சம் தண்ணீர் எடுத்து, லேபில் வெள்ளைத் துணி போட்டு ஓட்டி, சோப்பிங் செய்து பார்த்தால் உயிருள்ள சாயம் எவ்வளவு என்று தெரியும். அதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த ஒரு மணி நேரமும் மெஷினுக்குள் ஹைட்ராக்சைடு தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். நான் பதிலோடு வரும்போது கேள்வியே மாறியிருக்கும். இதைச் சொல்லித் தப்பித்துக்கொள்கிறேனோ என்றும் தோன்றுகிறது, ஆனால் உண்மை அதுதான்.

இப்போது துணி சிக்கினால், முதல் வேலையாக மெஷின் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து அசிட்டிக் அமிலம் விட்டு நடுநிலையாக்கி ஐஸில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். சோடாவின் வேலை நின்றுவிட்டால் அந்த நிமிடத்து நிலைமை ஏறக்குறைய அப்படியே இருக்கும். பிறகு சாவகாசமாக உப்பும் சோடாவும் போட்டுத் துணியில் ஓட்டிப் பார்க்கிறோம். சிலதில் கிட்டத்தட்ட ஒன்றும் மிஞ்சியிருப்பதில்லை. சிலதில் நான் எதிர்பார்த்ததைவிட நிறையவே பிடிக்கிறது. சாயத்துக்குச் சாயம், நின்ற நேரத்துக்கு நேரம் வேறுபடுகிறது.

அண்ணன் இப்போது பெருந்துறைப் பக்கம் வேறு யூனிட்டில் இருக்கிறார். இந்த பாட்டில் ஏற்பாட்டைப் பற்றி அவரிடம் சொல்ல வேண்டும். அந்த நேவி லாட்டைப் பற்றிக் கேட்டால் சொல்வதற்கு மட்டும் என்னிடம் எதுவும் இல்லை, அன்று யாரும் சாம்பிள் எடுக்கவில்லை.